நிறமும் பெயரும்: 'எர்த்சீ' தொலைக்காட்சித் தழுவலின் அரசியல்

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா கே. லெ குவினின் 'எர்த்சீ' மிகுபுனைவு வரிசையின் முதலிரு புதினங்கள் 1968, 1971 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. அவ்விரண்டையும் இணைத்து ஆக்கப்பட்ட இருபகுதித் தொடர், 2004ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் சை-ஃபை அலைவரிசையில் ஒளிபரப்பாயிற்று. கதையைச் சுருக்குவதும் மாற்றுவதும் தழுவலுக்கு இயல்பு. ஆயினும், அம்மாற்றம் மூலத்தின் அரசியற் கருத்தையே நீக்கிவிடக்கூடும் என்பதற்கு இத்தொடர் தெளிவான சான்றாகும்.

எர்த்சீ தீவுக்கூட்டத்து மக்களுள் பெரும்பாலோர் செம்பழுப்பு அல்லது கரும்பழுப்பு நிறத்தினர். நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன். அவனுடைய உற்ற தோழன் வெட்ச் அவனினும் கரியவன். கதைத் தொடக்கத்தில் கெட்டின் சிற்றூரைச் சூறையாட வரும் கார்கு இனத்தவரோ வெண்ணிறத்தினர். வெள்ளையரை நாகரிகத்தின் நடுவிலும் பிறரை அதன் விளிம்பிலும் நிறுத்தும் மிகுபுனைவு மரபு இங்குத் தலைகீழாக்கப்படுகின்றது. இதனை லெ குவின் பறைசாற்றவில்லை. கெட்டின் நிறம் தனியே அறிவிக்கப்படாமல், பிறரை அவனோடு ஒப்பிட்டு வருணிக்குமிடத்தில் இயல்பாகத் தெரியவருகின்றது. அதற்குள் வாசகர் அவனுடைய செருக்கையும் வேட்கையையும் தமதாக உணர்ந்துவிடுகின்றனர்.

இவ்வுத்தி காட்சி ஊடகத்திற்கு இயலாது. எழுத்து தள்ளிவைக்கக்கூடியதைத் திரை முதற்காட்சியிலேயே முடிவு செய்தாக வேண்டும். எனவே நடிகர் தேர்வே ஒரு பொருள்கோளாகிவிடுகின்றது. தொடரில் கெட்டாக ஷான் ஆஷ்மோரும் வெட்சாகக் கிறிஸ் கோத்தியரும் நடித்தனர், இருவரும் வெள்ளையர். கார்கு மன்னனாக நடித்தவரும் வெள்ளையரே. இதனால் மூலத்தின் இன அரசியல் மறைந்து, நல்லவனுக்கும் கொடுங்கோலனுக்கும் இடையிலான வழக்கமான போரே எஞ்சியது. ஆசான் ஓகியனாகக் கறுப்பின நடிகர் டேனி குளோவர் நடித்தாரே எனச் சிலர் வினவலாம். எண்ணிக்கையைவிடக் கதையமைப்பில் அவர் பெறும் இடமே ஈண்டுக் கருதத்தக்கது. வெள்ளை நாயகனுக்குக் கறுப்பினத்தவர் வழிகாட்டியாக மட்டும் துணைநிற்பது, மூலம் விலக்க முனைந்த மரபேயாகும். நிறத்தைத் தாம் திட்டமிட்டே தேர்ந்ததாக விளக்கிய லெ குவின், இத்தேர்வை அதே மாதத்தில் ஒரு கட்டுரை வாயிலாகக் கண்டித்தார்.

பெயர் பற்றிய மாற்றமும் இத்தகையதே. மூலத்தில் 'கெட்' என்பது மறைத்துக் காக்கப்படும் மெய்ப்பெயர். 'ஸ்பாரோஹாக்' என்பது வழங்குபெயர். ஒருவரின் மெய்ப்பெயரை அறிந்தவர் அவர்மீது ஆற்றல் பெறுவர். ஆதலின் அதனைச் சொல்வது தன்னையே பிறரிடம் ஒப்படைப்பதாகும். வெட்ச் தன் மெய்ப்பெயரைக் கெட்டுக்கு வழங்குமிடத்தில் அவர்களின் நட்பு உறுதிப்படுகின்றது. தொடரோ இவ்விரு பெயர்களையும் இடம் மாற்றியது. வாசகரை நம்பி உரைக்கப்பட்ட பெயர், எவரும் கூப்பிடும் பெயராயிற்று.

மூலம் குறையற்றது என்பது இதன் பொருளன்று. முதற்புதினத்தில் மந்திரக் கல்விக்கூடம் ஆடவர்க்கே உரியது. அவ்வமைப்பை 1990இல் வெளிவந்த 'தெஹானு' புதினத்தில் லெ குவினே கேள்விக்குட்படுத்தினார். அம்மாற்றம், அதிகாரம் யாருக்குரியது என்னும் மூலத்தின் வினாவை ஆழப்படுத்தியது. தொலைக்காட்சித் தொடரில் அவ்வினாவே இல்லாமற் போயிற்று. ஆகவே, தழுவல்களைக் கற்பிக்கும் ஆசிரியர் எவையெவை மாறின எனப் பட்டியலிடுவதோடு அமையாது, மூலம் எழுப்பிய வினா தழுவலில் எஞ்சியுள்ளதா என மாணவரை ஆராயச் செய்தல் வேண்டும்.