தரை சரியில்லை என்றால் எலெக்ட்ரான் என்ன செய்யும்?

காஞ்சிபுரம் பட்டுச் சேலையில் ஒரு மின்சாரப் பாடம் இருக்கிறது, குழந்தைகளே! உடலெல்லாம் பட்டு, அதில் மின்சாரம் போகாது. கரையில் மின்னுவது ஜரிகை. அசல் ஜரிகை என்றால், சிவப்புப் பட்டிழையில் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியிருப்பார்கள். வெள்ளியைவிட நன்றாக மின்சாரத்தைக் கடத்தும் உலோகம் கிடையாது.

1729இல் இங்கிலாந்தில் ஸ்டீபன் கிரே ஒரு நீளக் கயிற்றைப் பட்டு நூலில் தொங்கவிட்டு, அதன் வழியே மின்னூட்டத்தை அனுப்பினார். மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தது. பட்டு அறுந்ததால் பித்தளைக் கம்பியில் தொங்கவிட்டார். மின்னூட்டமெல்லாம் வழியிலேயே கசிந்துவிட்டது! கடத்தும் பொருள் வேறு, கடத்தாத பொருள் வேறு என்று அப்போதுதான் புரிந்தது.

இரண்டுக்கும் நடுவில் இருப்பவை குறைக்கடத்திகள். செல்போன் சிப்பில் உள்ள சிலிக்கான் ஒன்று. மாலிப்டினம் டைசல்பைடு இன்னொன்று. அரூர், ஊத்தங்கரைப் பக்கத்துப் பாறைகளில்கூட இந்தத் தாது உண்டு. ஏடு ஏடாக இருப்பதால் ஒட்டும் டேப்பாலேயே உரிக்கலாம். கடைசியில் மிஞ்சும் ஒற்றை ஏட்டின் தடிமன் வெறும் 0.65 நானோமீட்டர். 10 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள பட்டுப்புழு இழையின் உயரத்துக்கு வர, சுமார் 15,000 ஏடுகளை அடுக்கவேண்டும்.

அந்த ஒற்றை ஏட்டுக்குள் மின்சாரத்தைச் சுமக்கும் எலெக்ட்ரான் எப்படி நகரும்? பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அரிந்தம் கோஷ் குழுவினர் 2011இல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். செம்புக் கம்பியைக் குளிரவைத்தால் மின்சாரம் இன்னும் சுலபமாகப் போகும். இந்த ஏட்டில் எலெக்ட்ரான்கள் குறைவாக இருந்தபோது நடந்ததோ தலைகீழ்! குளிரக் குளிர மின்சாரம் தடுமாறியது.

காரணம் ஏட்டுக்கு அடியில் இருந்தது. அதை வைத்திருந்த சிலிக்கான் ஆக்சைடு தரையில் ஆங்காங்கே மின்னூட்டங்கள் சிக்கிக் கிடந்தன. அவை இழுக்கும் இடமெல்லாம் எலெக்ட்ரானுக்குக் குழி. பல்லாங்குழிப் பலகையைக் குலுக்கினால் சோழி அடுத்த குழிக்குத் தாவும். குலுக்காவிட்டால் அப்படியே கிடக்கும். எலெக்ட்ரானைக் குலுக்குவது வெப்பம்.

எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல்தான். குளிர் கூடும்போது எலெக்ட்ரான் பக்கத்துக் குழியை விட்டுவிட்டு, ஏறக்குறைய தன் ஆற்றலுக்கு ஒத்த குழி தூரத்தில் இருந்தாலும் அதற்குத் தாவுகிறது! குவாண்டம் உலகில்தான் இது நடக்கும்.

தடித்த பொருளில் எலெக்ட்ரான் இந்தக் குழிகளை விட்டு உள்ளே போய்த் தப்பிக்கலாம். ஒற்றை ஏட்டுக்கு உள்பக்கமே இல்லை. ஆகவே தரையை மாற்றிப் பார்த்தார்கள். 2015இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகக் குழுவினர், வழவழப்பான போரான் நைட்ரைடு ஏடுகளுக்கு நடுவே இந்த ஒற்றை ஏட்டைப் பொதிந்து வைத்தார்கள். கடுங்குளிரிலும் எலெக்ட்ரான்கள் முன்பைவிடச் சுலபமாக ஓடின.