சாலைக்குக் கிழக்கே மீன், மேற்கே நெல்

நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யம் போகும் பேருந்தில் இடப்பக்க ஜன்னல் கிடைத்தால் கருவாட்டு வாசம், வலப்பக்கம் கிடைத்தால் வயல் வாசம். கிழக்குக் கடற்கரைச் சாலை எங்கள் பக்கத்தை அப்படித்தான் வகுந்து வைத்திருக்கிறது. கிழக்கே கடலுக்குப் போவதற்குப் பெயர் ‘தொழில்’. ‘அவர் தொழிலுக்குப் போயிருக்காரு’ என்றால் வேறு எந்தத் தொழிலும் இல்லை, கடல்தான். மேற்கே சாகுபடி. நான் மேற்குப் பக்கத்துக்காரன். அப்பாவுக்கு ஒன்பது மா நிலம், கடைமடை. கூடப் படித்த பையன்களில் பாதிப் பேர் கிழக்குப் பக்கம்.

போன சித்திரையில் அப்படி ஒரு கூட்டாளி வீட்டுக்குப் போயிருந்தேன். மீன்பிடித் தடைக்காலம். படகுகளெல்லாம் மணலில் ஏறிக் கிடந்தன. கூட்டாளியின் அப்பா வேப்பமர நிழலில் கால் கட்டைவிரலில் நூலை மாட்டிக்கொண்டு வலை பின்னிக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டியவர். பேச்சு நிவாரணத்துக்கு வந்ததும் தலை நிமிராமலே சொன்னார்: “எங்க தாத்தா காலத்துல கவர்மெண்டு உப்பு குடுத்துச்சு தம்பி. எங்க அப்பா காலத்துல போட்டு குடுத்துச்சு. எனக்கு எட்டாயிரம் குடுக்குது, கடலுக்குப் போவாம இருக்கறதுக்கு.”

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் நூற்றைம்பது வருஷக் கதை அந்த மூன்று வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

உப்பு என்று அவர் சொன்னது விளையாட்டில்லை. வெள்ளைக்காரன் உப்புக்கு வரி போட்ட காலத்தில் கடற்கரை ஆட்களுக்கு அது இரட்டை அடி. சோற்றுக்கும் உப்பு வேண்டும், மிஞ்சிய மீனுக்கும் உப்பு வேண்டும். ஐஸ் கிடையாது. உப்புப் போடாத மீன் மறுநாள் எருதான். உப்பு விலை ஏறியதும் உவர்மண்ணைச் சுரண்டிக் கருவாடு போட்டார்கள். அது சீக்கிரம் கெட்டது. அப்புறம்தான் 1870-களிலிருந்து சென்னை மாகாணக் கடற்கரையில் மீன் உப்பிடும் கூடங்களைத் திறந்தார்கள். வரியில்லாத உப்பு, ஆனால் கூடத்துக்குள்ளேதான். மீனைக் கொண்டுபோய் நிறுத்துக் காட்ட வேண்டும், எடைக்குத் தகுந்த உப்பை அளந்து தருவார்கள், அங்கேயே உப்பிட வேண்டும். உப்புத் துறை ஆள் நின்று பார்ப்பார், ஒரு கைப்பிடி மடியில் போய்விடக் கூடாதே என்று. மீனவருக்கு அரசு தந்த முதல் மானியம் என்று இதைத்தான் சொல்ல வேண்டும். அதோடு கூடவே ஒரு தராசும் ஒரு காவல்காரரும் வந்தார்கள். 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து உப்பு அள்ள நடந்து வந்து சேர்ந்ததும் இதே கரைக்குத்தான், வேதாரண்யத்துக்கு.

மேற்குப் பக்கத்துக் கதையும் ஏறக்குறைய அதே காலம்தான். சொல்லப்போனால் இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஆள். பிரடெரிக் நிக்கல்சன் என்ற கலெக்டர், வட்டிக்கடையில் அகப்பட்ட குடியானவரை எப்படி மீட்பது என்று ஆராய்ந்து 1895-லும் 1897-லும் இரண்டு பெரிய தொகுதி அறிக்கை கொடுத்தார். ஜெர்மனியில் ராய்ஃபைசன் ஏற்படுத்திய கிராமக் கடன் சங்கம் போல இங்கேயும் வேண்டும் என்பது அதன் சாரம். 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே வருஷம் திருவள்ளூர் பக்கம் திரூரில் சங்கம் பதிவானது. மறு வருஷம், 1905-ல், அதே நிக்கல்சனிடம் மீன்வளத்தை ஆராயும் வேலையைக் கொடுத்தார்கள். 1907-ல் மாகாணத்துக்கு மீன்வளத் துறை உண்டானது. சாலைக்கு இரண்டு பக்கமும் ஒரே மனிதர் நடந்திருக்கிறார். அதற்கப்புறம் அப்படி ஒருவர் நடந்ததாகத் தெரியவில்லை. உழவுக்குத் துறை பெருத்துக்கொண்டே போனது. மீன் அதன் வாலாகவே தொங்கியது. டெல்லியில் மீன்வளத்துக்குத் தனித் துறை வந்ததே 2019-ல்தான்.

அடுத்தது ‘போட்டு’, அதாவது படகு, குடுத்த காலம். 1960-ல் தஞ்சாவூர் ஜில்லாவைத் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கு எடுத்தார்கள். நாட்டிலேயே முதலில் எடுத்த ஏழு ஜில்லாக்களில் ஒன்று. நாகப்பட்டினம் அப்போது தஞ்சாவூரில்தான் இருந்தது. வாய்வழக்கில் அதற்குப் ‘பாக்கேஜ்’ என்று பெயர். விதை, உரம், மருந்து, கடன் எல்லாம் ஒரே கட்டாக வரும். ஆடுதுறை 27 வந்த கதையை அப்பா கல்யாணக் கதை மாதிரி சொல்வார். கிராம சேவக் சைக்கிளில் வந்து வரப்பில் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, உரத்தைத் தன் கையாலேயே வீசிக் காட்டினாராம். உரத்தை அப்பா கடைசிவரை ‘உப்பு’ என்றுதான் சொன்னார். “உப்பு வக்கணும்” என்பார். கிழக்கே மீனுக்கு அரசு உப்பு, மேற்கே நெல்லுக்கு அரசு உப்பு.

கிழக்கே விசைப்படகு வந்தது. கேரளத்தில் நீண்டகரையில் நார்வேக்காரர்கள் தொடங்கி வைத்தது, இங்கே அரசுக் கடனும் மானியமுமாகப் பரவியது. இழுவை மடியும் இறால் ஏற்றுமதியும் சேர்ந்துகொண்டன. படகு வாங்க முடிந்தவர் முதலாளி ஆனார், முடியாதவர் அவர் படகில் பங்குக்குப் போனார். கரையோரம் கட்டுமரக்காரர் விரித்த வலையை விசைப்படகு கிழித்துக்கொண்டு போக, கடலிலேயே அடிதடி. 1983-ல் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் போட்டு, கரையோரக் கடல் நாட்டுப்படகுக்கு என்று எல்லை பிரித்தார்கள். படகு கொடுத்த கையே இருபது இருபத்தைந்து வருஷத்தில் கோடு போடவும் வேண்டியதாயிற்று. 2001-ல் அடுத்த கட்டம்: மீன் குஞ்சு பொரிக்கும் காலத்தில் விசைப்படகில் கடலுக்குப் போகாதே. முதலில் 45 நாள், 2017 முதல் 61 நாள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை.

வயலிலும் அதே திருப்பம்தான். அன்று உப்பு வைக்கச் சொல்லிக் கொடுத்த துறை, இன்று ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ என்று தக்கைப்பூண்டு விதை தருகிறது, செத்த மண்ணுக்கு உயிர் வரட்டும் என்று. தப்பில்லை, நல்ல காரியம்தான். ஆனால் அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார். உப்பு வருவதற்கு முன்னால் அவர் தாத்தா விதைத்ததும் தக்கைப்பூண்டு, கொழிஞ்சிதான்.

இப்போது நடப்பது பணத்தின் காலம். தடைக்கால நிவாரணம் ஒரு குடும்பத்துக்கு 2,000 ஆக இருந்து, 5,000 ஆகி, 2024 முதல் 8,000. 61 நாளுக்கு வகுத்தால் நாளைக்கு 131 ரூபாய் சொச்சம். மேற்கே பிஎம் கிசான் வருஷத்துக்கு 6,000, மூன்று தவணை. நாளைக்குப் பதினாறரை ரூபாய்கூட இல்லை. இரண்டும் நேரே வங்கிக் கணக்குக்கு வருகிறது. நடுவில் யாரும் கை வைக்க முடியாது என்பது பெரிய விஷயம். அந்தக் காலத்துச் சங்கத்தில் கடன் வாங்கப் போய் தலைவர் வீட்டுத் திண்ணையில் காத்துக் கிடந்தவர்களைக் கேட்டால் தெரியும். கூடவே சேமிப்பு நிவாரணத் திட்டம் இருக்கிறது: மீனவர் 1,500 கட்டினால் மாநிலம் 1,500, மத்திய அரசு 1,500 சேர்த்து 4,500 ஆகக் கைக்கு வரும். பெண்களுக்கும் தனியாக உண்டு. கிழக்கே பெண்கள் இதைத்தான் அதிகம் மெச்சுகிறார்கள், ‘நம்ம காசும் அதுல இருக்குல்ல’ என்று.

கடன் தள்ளுபடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2006, 2016, 2021. வருஷத்தைப் பார்த்தாலே எல்லாம் தேர்தலை ஒட்டி வந்தவை என்று தெரியும். இலவச மின்சாரமும் அப்படிக் கடந்துபோக வேண்டியதுதான், எங்கள் பக்கத்துக்கு. கோயமுத்தூர்ப் பக்கம் 1970-களில் யூனிட்டுக்கு ஏறிய ஒரு பைசா இரண்டு பைசாவுக்காக நாராயணசாமி நாயுடு காலத்து உழவர்கள் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். 1990-ல் எல்லா உழவருக்கும் மின்சாரம் இலவசமாயிற்று. ஆனால் கடைமடையில் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும். மோட்டார் இருக்கிறவருக்கே மின்சார மானியம். கடலிலும் இதே கணக்குதான். வரி விலக்கு டீசல் விசைப்படகுக்கு வருஷத்துக்கு 18,000 லிட்டர் என்றிருந்த காலத்தில் இன்ஜின் வைத்த நாட்டுப்படகுக்கு 4,000 லிட்டர். துடுப்பு போடுகிற கட்டுமரத்துக்கு எதில் மானியம் கொடுப்பது?

எது கொடுத்தாலும், யாருக்கு என்று கேட்பார்களே, அங்கேதான் இடிக்கிறது. மேற்கே விவசாயி என்றால் சிட்டாவில் பெயர் இருப்பவர். எங்கள் பகுதியில் கோயில் நிலமும் மடத்து நிலமும் ஏராளம், உழுகிறவர் குத்தகைக்காரர். குத்தகைப் பதிவுக்கென்று 1969-லேயே சட்டம் இருக்கிறது. ஆனால் பாதிக்கு மேல் வாய்ப்பேச்சுக் குத்தகை, எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும் என்று எழுத மாட்டார்கள். அப்பா நிலத்தை இப்போது நான் பயிர் வைப்பதில்லை. பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர் வைக்கிறார். 2,000 ரூபாய் தவணை வந்தால் குறுஞ்செய்தி என் போனுக்குத்தான் வருகிறது. முதல் தடவை வந்தபோது நான் வேறு ஊரில் ஒரு டீக்கடையில் நின்றிருந்தேன். அண்ணனுக்கு அனுப்பி வைத்தேன், அவர் “எதுக்கு தம்பி” என்றார், வாங்கிக்கொண்டார். நடவுக்கு வரும் பெண்கள் இந்தக் கணக்கிலேயே இல்லை. கிழக்கே ஏலக்கூடத்தில் ஐஸ் உடைப்பவர், பெட்டி தூக்குபவர் வெளி ஆளாக இருந்தால் அவர்களும் இல்லை. படகு நின்றால் அவர்கள் அடுப்பும்தான் நிற்கிறது.

நெல்லுக்கு ஒரு பாக்கியம் உண்டு, மீனுக்கு அது கிடையாது: விலை. 2025-26 பருவத்தில் சன்ன ரகத்துக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டால் 2,545 ரூபாய். சங்கரா பாடு ஒரே நாளில் அள்ளிக்கொண்டு வந்தால் மதியத்துக்குள் விலை பாதியாகும், கேட்க நாதியில்லை. கிழக்கே இதை அடிக்கடி சொல்லிக் காட்டுவார்கள். அவர்களை ஒரு நாள் தை மாதக் கடைசியில் கொள்முதல் நிலையத்துக்கு அழைத்துப் போக வேண்டும்.

நான் போன நிலையத்தில் நெல் குவியல் குவியலாகத் திறந்த வெளியில் கிடந்தது. ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு தார்ப்பாய், ஓரங்களில் செங்கல். முதல் நாள் ராத்திரி பனி. அண்ணன் விடியற்காலையிலேயே பாயை விலக்கி, காலாலேயே நெல்லைச் சால் சாலாக இழுத்துவிட்டுக் காய வைத்திருந்தார். பதினோரு மணிக்கு மீட்டர்காரர் வந்தார். ஒரு கைப்பிடி நெல்லை அந்தச் சின்ன டப்பாவில் கொட்டி மூடித் திருகினார். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 18.2 காட்டியது. அண்ணன் எதுவும் பேசாமல் அதே கைப்பிடி நெல்லை வாங்கிக் குவியலில் போட்டார், ஒரு மணி கீழே விழாமல். “சாயந்தரம் பாக்கலாம் சார்” என்றார். சாயந்தரம் மேகம் போட்டுவிட்டது. மூன்றாம் நாள் 16.9 வந்து நாற்பது கிலோ சிப்பமாகப் பிடித்தார்கள். உப்புக் கூடத்தில் மீனை நிறுத்த தராசு எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

இரண்டு பக்கமும் ஒரே பட்டியலில் வந்ததும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் கடலே சாலையைத் தாண்டிவிட்டது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல் சாவு. வயலில் கடல் சேறு, கரையில் உடைந்த மரங்கள். கட்டுமரம் போன இடத்துக்கெல்லாம் ஃபைபர் படகு வந்தது, அரசும் தொண்டு நிறுவனங்களும் போட்டி போட்டுக் கொடுத்ததில். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யத்துப் பக்கம் கரையேறியபோது படகும் தென்னையும் ஒரே ராத்திரியில் போயின. ஒரு தென்னைக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100. மரத்தை எண்ண ஆட்கள் வந்தார்கள். என் அத்தை ஒருத்தி விழுந்த மரங்களுக்குப் பெயர் சொல்லிக் காட்டினாள். எண்ண வந்த பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் எழுதிக்கொண்டான். அவனும்தான் என்ன செய்வான், படிவத்தில் அதற்கு இடமில்லை.

கூட்டாளியிடம் இப்போது ஒரு அட்டை இருக்கிறது. 2018-19 பட்ஜெட்டில் மீனவருக்கும் விரித்த கிசான் கடன் அட்டை. கிசான் என்றால் உழவர். “பாத்தியா, நானும் சம்சாரி ஆயிட்டேன்” என்று அதை என் முகத்துக்கு முன்னால் ஆட்டினான். “நெலம் எங்கன்னு கேட்டா?” என்றேன். கடல் பக்கம் கையைக் காட்டினான்.

அவன் அப்பா அதற்குள் வலையின் ஒரு கண்ணி வரிசையை முடித்திருந்தார். ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறந்தால், 14 ராத்திரி படகு இறங்கும். இரண்டு பக்கமும் ஒரே வாரம். ஆனால் மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர இன்னும் நாள் ஆகும். “ஒங்க தண்ணி வர்றதுக்குள்ள நாங்க ரெண்டு பாடு பாத்துட்டு வந்துடுவோம்” என்றார் பெரியவர், நூலைப் பல்லால் கடித்து அறுத்தபடி. “வந்தா கொஞ்சம் கெழங்கா கொண்டு போ. நெல்லு அறுத்தா எனக்கு ஒரு மரக்கா குடு.”