சுதேசிக் கப்பல் நொடித்த வரலாறு

தூத்துக்குடிச் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மவர் கூறும் விடை ஒன்றே: "வெள்ளைக்காரன் கெடுத்தான்." இது பொய்யன்று. ஆயினும் இந்த ஒரு வாக்கியத்தோடு விசாரணையை முடித்துக்கொள்வது ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களுக்கு நாம் செய்யும் மரியாதையாகாது என்பதே நமது அபிப்பிராயம். ஒரு வியாபார ஸ்தாபனத்தைப் புறத்தேயிருந்து தாக்கும் சக்திகள் உண்டு. அகத்தேயிருந்து தாங்கும் சக்திகளும் உண்டு. எதிரியை வைவதோடு நின்றுவிட்டால் இரண்டாவதைப் பற்றி ஒருநாளும் யோசிக்கமாட்டோம்.

முதலில் புறத்தே நடந்ததைக் கூறுவோம். கம்பெனி 1906 அக்டோபர் 16-ம் தேதி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர்; பிள்ளையவர்கள் துணைக் காரியதரிசி. தொடக்கத்தில் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாய் ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்குப் பிடித்துக் கொழும்புக்கு ஓட்டினார்கள். உடனே பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி கண் விழித்துக்கொண்டது. அதன் நெருக்குதலால் ஷா லைன்காரர் கப்பலைத் திருப்பிக்கொண்டார். பிள்ளையவர்கள் இலங்கையிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்கு எடுத்து அப்போதைக்குச் சமாளித்தார். பின்பு பம்பாய்க்குச் சென்று அலைந்து பங்கு சேர்த்தார். 1907-ல் "காலியா", "லாவோ" என்னும் இரு கப்பல்கள் கம்பெனிக்குச் சொந்தமாகத் துறைமுகத்தில் வந்து நின்றபோது தூத்துக்குடி கொண்ட மகிழ்ச்சி சொல்லுந்தரமன்று.

அதன்பின் கட்டணப் போர். அன்னியக் கம்பெனி கொழும்புப் பிரயாணக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. நம் கம்பெனி எட்டணாவாக்கியது. அன்னியர் இலவசமாகவே ஏற்றிக்கொள்ள முன்வந்தனர்; ஏறினவருக்குக் குடையும் கொடுத்தார்கள் என்பது ஊரறிந்த கதை.

இலவசமாய் ஏற்றுகிறவனுக்கு நஷ்டமில்லையா என்று வாசகர்கள் வினவலாம். நஷ்டந்தான், ஆனால் அந்த நஷ்டம் அவனுக்கு உறைப்பதில்லை. அக்கம்பெனியிடம் நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்கள் இருந்தன. சர்க்காரின் தபாலைச் சுமப்பதற்கு ஒப்பந்தப் பணம் வேறு வந்துகொண்டிருந்தது. ரங்கூனிலும் கல்கத்தாவிலும் பாரசீகக் குடாவிலும் சம்பாதித்ததில் ஒரு துளியைத் தூத்துக்குடியில் தெளித்தால் போதும். நமக்கோ தூத்துக்குடியே முழுக் கடல். அங்கே ஒரு மாதம் வருமானம் நின்றால் நிலக்கரிக்குப் பணமில்லை.

இத்தந்திரம் புதிதுமன்று. 1884-ல் வங்காளத்தில் ஜ்யோதிரிந்திரநாத் தாகூர் "ஸரோஜினி" முதலிய கப்பல்களைக் குல்னாவுக்கும் பாரிசாலுக்கும் இடையே ஓட்டியபோதும் இதே கட்டணப் போர் நிகழ்ந்தது. சுதேசிக் கப்பலில் ஏறிய ஜனங்களுக்குக் கட்டணமுமில்லை, பலகாரமும் கிடைத்தது. உற்சாகம் பொங்கிற்று; பணம் வற்றிற்று. 1893-ல் ஜாம்ஷெட்ஜி தாதா ஜப்பானுக்கு நூல் ஏற்றக் கப்பல் விட்டார், பி. அண்ட் ஓ. கம்பெனி கட்டணத்தைத் தரைமட்டமாக்கியது. ஆதரிப்பதாக வாக்களித்த நம் வியாபாரிகள் மலிவைக் கண்டதும் அந்தப் பக்கம் சாய்ந்தனர். அந்தக் கப்பல் வரிசை சில ஆண்டுகளிலேயே மறைந்தது.

இங்கேதான் நாம் நின்று நோக்க வேண்டும். தாதாவோடு கைகோத்து அதே பாதையில் இறங்கிய ஜப்பானியக் கம்பெனியாகிய நிப்பான் யூஸன் கைஷாவும் அதே பி. அண்ட் ஓ.வின் தாக்குதலுக்கு ஆளாயிற்று; அது மடியவில்லை. ஏன்? ஜப்பானிய நூல் ஆலைக்காரர் சங்கம், தங்களுக்கு வேண்டிய பஞ்சை அந்தக் கம்பெனியின் கப்பல்களிலேயே ஏற்றுவதென்று ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருந்தது. எதிரி எவ்வளவு குறைத்தாலும் அவர்கள் அசையவில்லை. நம்மிடம் இருந்தது வாக்கு. அவர்களிடம் இருந்தது பத்திரம். தேசபக்தியில் நம்மவர் அவர்களுக்குக் குறைந்தவரென்று நாம் கருதவில்லை. ஆனால் எட்டணாக் கூலியாளிடமும் சில்லறை வியாபாரியிடமும் போய், "இலவசக் கப்பலை விட்டு இதில் ஏறு" என்று தினந்தோறும் தேசபக்தியைக் கேட்டுக்கொண்டிருப்பது எத்தனை நாள் செல்லும்?

இரண்டாவது குறை கைமுதல். சேர்ந்த பணம் கப்பல் வாங்குவதிலே கரைந்தால், வாங்கின கப்பலை நஷ்டத்தில் ஓட்டுவதற்கான பணம் எங்கிருந்து வரும்? 8,000 பங்குகளுக்கு 2 லட்சம் ரூபாய் கொடுத்த ஹாஜி முகமது பக்கீர் சேட் போன்றவர்கள் பத்துப்பேர் இருந்திருந்தால் கதை வேறு. 25 ரூபாய்ப் பங்கு ஏழைக்கும் எட்டும்படி வைத்தது உயர்ந்த நோக்கம். அதை நாம் குறைகூறோம். ஆனால் கட்டணப் போருக்கு வேண்டியது ஆண்டுக்கணக்கில் பொறுக்கும் பணம்.

மூன்றாவது குறையைச் சொல்லத் தயக்கமாயிருக்கிறது. ஆயினும் சொல்ல வேண்டும். கம்பெனி முழுவதும் ஒரே மனிதரின் தோளில் நின்றது. பங்கு விற்றவர் அவர். கப்பல் தேடியவர் அவர். மேடையில் பேசியவர் அவர். 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளரின் வேலை நிறுத்தத்தை நடத்தியவரும் அவரே. அவர் செய்தது பிழையென்று சொல்ல நாம் யார்? அந்தத் தொழிலாளரைக் கைவிட்டிருந்தால் அவர் சிதம்பரம் பிள்ளையாக இரார். ஆனால் ஒருவரைப் பிடித்தால் ஒரு கம்பெனி படுத்துவிடும் என்னும் நிலை சர்க்காருக்கு எவ்வளவு சௌகரியம்! 1908 மார்ச் 12-ம் தேதி பிடித்தார்கள். ஜூலையில் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. தண்டிக்கப்பட்டவர் ஒருவர், செயலற்றது கம்பெனி. 1911-ல் அது கலைக்கப்பட்டது. கப்பலும் போட்டிக் கம்பெனியின் கைக்கே போய்ச் சேர்ந்தது.

ஆகவே புறக்காரணம், அகக்காரணம் என்று நாம் பிரித்துக் கூறியதும் ஓரளவுக்கே செல்லும். சிறைக் கதவு புறத்தே இருந்தது. மாற்று ஆள் இல்லாத குறை அகத்தே இருந்தது. இரண்டும் சேர்ந்தபோதே அடி விழுந்தது.

பிற்காலத்துச் சிந்தியா கம்பெனியைப் பாருங்கள். 1919 ஏப்ரல் 5-ம் தேதி அதன் "லாயல்டி" கப்பல் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. வால்சந்த் ஹீராசந்தும் நரோத்தம் முராரஜியும் நான்கரைக் கோடி ரூபாய் மூலதனம் குறித்து ஆரம்பித்தனர். அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி அதே கட்டணப் போரைத் தொடுத்தது; விலைக்கு வாங்கிவிடவும் பார்த்தது. சிந்தியா தலைவணங்கவும் செய்தது: 1923-ல் செய்துகொண்ட பத்தாண்டு உடன்படிக்கை அதன் கையைப் பலவிதத்தில் கட்டிற்று. தேசியவாதிகளுக்கு அது கசந்தது நியாயமே. எனினும் உடன்படிக்கை பேசுவதற்கு எதிரே உட்கார உயிரோடு ஒரு கம்பெனி இருந்ததல்லவா? தூத்துக்குடிக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை.

இன்றும் நம் ஊர்களில் தேசத்தின் பெயரைச் சொல்லி, குலத்தின் பெயரைச் சொல்லி, கூட்டுறவின் பெயரைச் சொல்லிப் பங்கு திரட்டுகிறார்கள். திரட்டட்டும். இரண்டு ஆண்டு நஷ்டத்தைத் தாங்கப் பணம் ஒதுக்கியிருக்கிறதா, சரக்கு வாங்குவோர் கையெழுத்திட்டிருக்கிறார்களா, காரியதரிசி படுத்துக்கொண்டால் அடுத்தவர் யார் என்று பங்கு வாங்குகிறவர் கேட்டால், அதைத் துரோகமென்று எண்ண வேண்டாம்.

கப்பல் கம்பெனி இவையனைத்தையும் தாங்கிப் பிழைத்திருந்தாலும் மற்றொன்று காத்திருந்தது. அது பகையுமன்று, சதியுமன்று. சென்னையிலிருந்து கொழும்பு செல்வோர் தூத்துக்குடிவரை ரயிலில் வந்து கப்பலேறுவதே அந்நாளைய வழக்கம். பிள்ளையவர்கள் 1912 டிசம்பர் 24-ம் தேதி கண்ணனூர்ச் சிறையிலிருந்து வெளிவந்தபோது, பாம்பன் கடலின்மேல் ரயில் பாலத்துக்குத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தன. 1914 பிப்ரவரியில் பாலம் திறந்தது. கொழும்புப் பிரயாணிகள் தனுஷ்கோடிக்குப் போய்த் தலைமன்னாருக்குக் கப்பலேறினார்கள்.