உடற்பயிற்சியும் உடற்பருமனும்

“உடற்பயிற்சி செய்தால் பசி மிகும், பசி மிகுந்தால் உணவும் மிகும். ஆகவே, பயிற்சியால் உடல் இளைக்காது” என்று வாதிடுவோர் உளர். கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றும் இவ்வாதம் உண்மைதானா? விலங்குகளைக் கொண்டு செய்த ஆராய்ச்சிகள் இதற்குத் தக்க விடை தருகின்றன.

1954ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜீன் மேயரும் அவருடன் பணியாற்றியோரும் எலிகள் சிலவற்றைச் சுழலும் பட்டையின்மேல் நாள்தோறும் ஓடச் செய்தனர். வேறு சிலவற்றைக் கூண்டிலேயே இருக்க விட்டனர். நாளொன்றுக்கு 1 மணி நேரம் வரை ஓடிய எலிகள், ஓடாதவற்றைவிட மிகுதியாக உண்ணவில்லை. சற்றுக் குறைவாகவே உண்டன. அவற்றின் எடையும் குறைவாகவே இருந்தது. அதற்கு மேலும் ஓடியவை உழைப்பிற்கேற்ப உண்டு, எடையை நிலையாகக் காத்துக் கொண்டன. அளவு கடந்து ஓடியவையோ களைத்து, உணவும் குறைந்து மெலிந்தன.

இஃது எலிகளுக்கு மட்டுமே பொருந்துவதா? மேயர் குழுவினர் மேற்கு வங்காளத்துச் சணல் ஆலை ஒன்றின் ஆடவரிடையே நடத்திய ஆய்வு 1956இல் வெளிவந்தது. உட்கார்ந்தே காலங் கழித்தவர்கள், இலேசான வேலை செய்தவர்களைவிட மிகுதியாக உண்டனர். உடல் எடையும் மிகுந்திருந்தனர். சோம்பல் பசியைக் குறைப்பதில்லை என்பது இதனால் விளங்கும்.

அவ்வாறாயின், பயிற்சி ஒன்றே போதுமா? போதாது. உணவின் தன்மையையும் நோக்க வேண்டும். 1 கிராம் மாவுப்பொருள் ஏறத்தாழ 4 கலோரி தரும். 1 கிராம் கொழுப்போ 9 கலோரி தரும். ஆதலால், கொழுப்பு மிகுந்த உணவு சிறிதளவே ஆயினும் உடலிற் சேரும் ஆற்றல் பெரிது. 1976இல் ஸ்கிளாஃபானி, ஸ்பிரிங்கர் என்னும் இருவர், கடையில் விற்கும் கொழுப்பும் இனிப்பும் மிகுந்த தின்பண்டங்களை எலிகளுக்கு அளித்தனர். வழக்கமான தீனி உண்ட எலிகளைவிட அவை மிகுதியாகப் பருத்தன. அத்தகைய எலிகளுக்குப் பயிற்சி தந்தபோது, பருமன் ஏறும் விரைவு தணிந்தது. ஆனால், அடியோடு நிற்கவில்லை.

எலியின் உடலும் மனித உடலும் முற்றும் ஒன்றல்ல. ஆயினும், இவ்வாய்வுகள் உணர்த்தும் உண்மை தெளிவானது. பசி மிகும் என்றஞ்சி நடையைக் கைவிடுவதும் தவறு. நடக்கிறோம் என்ற துணிவில் நெய்ப்பண்டங்களை அளவின்றி உண்பதும் தவறு. நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்து பணியாற்றும் நம்மனோர்க்கு, அளவான உழைப்பும் அளவான உணவும் சேர்ந்தே நலம் பயக்கும்.