புகை போயிடுச்சா?

உங்கள் பாட்டி வீட்டு அடுப்படி ஞாபகம் இருக்கிறதா? சுவரெல்லாம் கரி, மேலே தொங்கும் ஒட்டடை, மூலையில் சாத்தி வைத்த ஊதுகுழல். பாட்டி ஊதி ஊதி, கண்ணைக் கசக்கிக்கொண்டே சமைப்பார். நாமும் 'விறகடுப்பு ருசியே தனி' என்று சப்புக்கொட்டிச் சாப்பிட்டோம். ராத்திரி அவர் இருமியபோது மட்டும், 'வயசாயிடுச்சு இல்லையா' என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனோம்.

அந்த இருமலில் வயசுக்குப் பங்கு இருந்திருக்கலாம். அடுப்புக்கும் பெரிய பங்கு உண்டு!

'அதெல்லாம் அந்தக் காலம். இப்போ நம்ம வீட்ல கேஸ்தானே!' என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். புகை எங்கெல்லாம் மிச்சம் இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

ஒரு அடுப்பு, 400 சிகரெட்!

விறகோ, சுள்ளியோ, வறட்டியோ முழுமையாக எரிவதில்லை. எரியாத மிச்சம்தான் புகை. கார்பன் மோனாக்ஸைடு, பென்சீன், ஃபார்மால்டிஹைடு என்று சிகரெட் புகையில் உள்ள பல நச்சுக்கள் இதிலும் உண்டு. இவற்றோடு நுண்துகள்கள். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 50 முதல் 70 மைக்ரான். இந்தத் துகள்களோ 2.5 மைக்ரானுக்கும் கீழே! பெரிய தூசியை மூக்கு முடியும் சளியும் பிடித்துவிடும். இவை நழுவி நுரையீரலின் அடி வரை போகும். சில ரத்தத்திலும் கலக்கும்.

கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1980-களின் தொடக்கத்தில் குஜராத் கிராமங்களுக்கு வந்தார். சமைக்கிற பெண்கள் மீதே கருவியைப் பொருத்தி, அவர்கள் சுவாசிக்கும் புகையை அளந்தார். சமையலறையில் திறந்த அடுப்பு எரிவது, அங்கே மணிக்கு 400 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று பின்னாளில் விளக்குவார்.

பீடி, சிகரெட்டைத் தொட்டே பார்க்காத பெண்களுக்கும் சி.ஓ.பி.டி. எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வருவதற்கு இது முக்கியக் காரணம். நுரையீரல் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், கண்புரை என்று பட்டியல் நீளும். இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு சமைத்தால், அதற்கு நிமோனியா வரும் ஆபத்து அதிகம். 2020-ல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் பேர் வீட்டுப் புகையால் இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

சிலிண்டர் வந்தது, விறகு போகவில்லை

2016 மே 1-ம் தேதி மத்திய அரசின் உஜ்வலா திட்டம் தொடங்கியது. பத்துக் கோடிக்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களுக்கு கேஸ் இணைப்பு கிடைத்தது. பெரிய காரியம்தான். ஆனால், இணைப்பு கிடைத்தால் போதுமா? சிலிண்டர் தீர்ந்தால் அடுத்ததற்குப் பணம் வேண்டுமே! அதனால் பல வீடுகளில் இரண்டு அடுப்பும் எரிகின்றன. அவசரத்துக்கு டீ போட கேஸ். சோறு வடிக்க, வெந்நீர் போட விறகு.

அந்தப் புகை அந்த வீட்டோடு நிற்பதில்லை. தெருவுக்கு வருகிறது, நம் ஜன்னலுக்கும் வருகிறது. அதிலுள்ள கரித்துகள் இமயமலைப் பனியில் படிந்தால், வெயிலின் சூட்டை இழுத்துப் பனியை வேகமாக உருக்குகிறது. ஒரே ஒரு ஆறுதல்: கரித்துகள் காற்றில் தங்குவது சில நாட்கள், மிஞ்சினால் சில வாரங்கள். புகையை நிறுத்தினால் பலன் சீக்கிரமே தெரியும்.

நம்ம வீட்டு நீல ஜ்வாலை

கேஸ் அடுப்பு விறகைவிடப் பல மடங்கு சுத்தம். சந்தேகமே இல்லை. ஆனால் அதுவும் நெருப்புதான். எரியும்போது நைட்ரஜன் டைஆக்ஸைடு வெளிவருகிறது. ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கு இது ஆகாது. அப்பளம் பொரிக்கும்போதும் மிளகாய் வறுக்கும்போதும் எழும் எண்ணெய்ப் புகையிலும் நுண்துகள் உண்டு. ஜன்னலை அடைத்துவிட்டுச் சமைத்தால் எல்லாம் வீட்டுக்குள்ளேயே சுற்றும்.

'அப்போ கரன்ட் அடுப்பு வாங்கிடலாமா?' வாங்கலாம். இண்டக்‌ஷன் அடுப்பில் நெருப்பு இல்லாததால் அந்த வாயுக்கள் இல்லை. பொரிக்கிற புகை மட்டும் இருக்கும். அதே சமயம், நம் நாட்டு மின்சாரத்தில் பாதிக்கு மேல் நிலக்கரியிலிருந்து வருகிறது. இந்திய நிலக்கரியில் 30 முதல் 45 சதவீதம் வரை சாம்பல். எண்ணூர் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து, இறாலும் மீனும் பிடித்துப் பிழைத்தவர்களின் தொழில் கெட்டது ஊரறிந்த கதை. நம் சமையலறைப் புகையை அவர்கள் வாசலில் இறக்கிவைப்பது தீர்வாகுமா? முப்பந்தல் காற்றாலைகளும் மொட்டைமாடி சோலார் தகடுகளும் பெருகப் பெருகத்தான், கரன்ட் அடுப்பு உண்மையிலேயே சுத்தமாகும்.

இன்றைக்கே செய்யக்கூடியவை

* அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். சமைத்து முடித்த பிறகும் பத்து நிமிடம் ஓடட்டும். வெளிக்காற்று உள்ளே வர ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

* ஜ்வாலை மஞ்சளாக எரிகிறதா? பாத்திரத்தில் கரி பிடிக்கிறதா? கேஸ் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். பர்னரைச் சுத்தம் செய்யுங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

* கேஸ் கீசரை மூடிய குளியலறைக்குள் வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது. மயங்குவதற்கு முன்பு தெரியாது.

* அரிசி, பருப்பை ஊறவைத்துக் குக்கரில் வேகவையுங்கள். பாத்திரத்தை மூடிச் சமையுங்கள். எரிபொருளும் மிச்சம், புகையும் மிச்சம்.

* கொல்லையில் வெந்நீர் போட விறகு எரிக்கிறீர்களா? பிளாஸ்டிக் பையை மட்டும் அதில் போடாதீர்கள். அந்தப் புகை இன்னும் மோசம்.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அக்கா அடிக்கடி இருமுகிறாரா? 'மாத்திரை வாங்கிக்கோ' என்று காசு கொடுப்பதோடு நிற்காதீர்கள். 'வீட்ல எதுலக்கா சமைக்கிறீங்க?' என்று கேளுங்கள். விறகு என்றால், இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலை அரசு மருத்துவமனையில் காட்டச் சொல்லுங்கள். காசநோயா, புகை செய்த வேலையா என்று பார்த்துவிடுவார்கள். முடிந்தால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சிலிண்டர் செலவில் ஒரு பங்கைச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுங்கள்.

பாட்டியின் இருமலை நாம் கேட்டும் கேட்காமல் இருந்துவிட்டோம். இந்த இருமலையாவது கேட்போமே!