மரக்கூழில் பிறந்த பட்டு

ரயான், விஸ்கோஸ், மோடால் என்று பல பெயர்களில் விற்கப்படும் துணிகளை நைலான், பாலியஸ்டர் ஆகியவற்றோடு சேர்த்துச் 'செயற்கை' என்று ஒதுக்கிவிடுவது பொதுவழக்காக இருந்தாலும், வேதியியல் நோக்கில் இவை இருவேறு குலங்களைச் சேர்ந்தவை. நைலானும் பாலியஸ்டரும் பெட்ரோலியத்திலிருந்து பெறப்படும் சிறு மூலக்கூறுகளைக் கோத்து ஆலையில் புதிதாக உருவாக்கப்படுபவை. ரயானோ, தாவரங்களின் செல்சுவரைக் கட்டியெழுப்புவதும் பருத்தியில் ஏறக்குறைய தூய நிலையில் கிடைப்பதுமான செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருளை மரத்திலிருந்து பிரித்து, கரைத்து, மீண்டும் இழையாக இறுகச் செய்வதால் கிடைப்பது. பொருள் இயற்கையினுடையதாகவே இருக்க, வடிவம் மட்டுமே ஆலையினுடையதாகிறது. செல்லுலோஸ் நீரில் கரையாது; சூடாக்கினால் உருகாமல் கருகிவிடும். எனவே ரயானின் வரலாறு பெரும்பாலும் அதை எதில் கரைப்பது என்ற ஒரே கேள்விக்கு விடை தேடிய வரலாறு. அந்த இழையின்மீது சுமத்தப்படும் குற்றங்களில் பெரும்பகுதியும் உண்மையில் கரைப்பானுக்கு உரியவை.

இந்தக் குலவேறுபாட்டைக் கண்டறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. துணியின் ஓரத்திலிருந்து சரிகை கலவாத ஒரு நூலைப் பிரித்து, இடுக்கியால் பிடித்துச் சுடரருகே கொண்டுசென்றால், பட்டு சுடரைக் கண்டு சுருங்கி, முடி கருகும் நாற்றத்துடன் மெல்ல எரிந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் கரிய உருண்டையை விட்டுச்செல்லும். ஏனெனில் பட்டும் முடியைப் போலவே புரதம். ரயான் சட்டென்று பற்றிக்கொண்டு, காகிதம் எரியும் வாசனையுடன் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சொட்டி, நசுக்க முடியாத கெட்டி மணியாக இறுகும். கலப்பு நூலாக இருந்தால் இச்சோதனை குழப்பும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பட்டுப்புழு தன் உடலுக்குள் புரதத்தை நீரில் கரைந்த நிலையிலேயே வைத்திருந்து, வாயருகே உள்ள நுண்துளை வழியாக இழுத்து, வெளியில் வந்தவுடன் இறுகும் இழையாக்குகிறது. இதற்கு அதிக வெப்பமோ நச்சுப்பொருளோ தேவைப்படுவதில்லை. இதுபோலவே ஒரு பசைப்பொருளைச் செய்து இழையாக இழுக்கலாமே என்று ஆங்கில அறிவியலாளர் ராபர்ட் ஹூக் 1665இல் எழுதினார். ஆயினும் அந்தக் கருத்து தொழிலாக மாற இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பெப்ரின் என்ற நோய் பிரான்சின் பட்டுப்புழுக்களை அழித்து, லூயி பாஸ்டரே அதை ஆராய அழைக்கப்படும் அளவுக்கு அந்நாட்டின் பட்டுத்தொழிலைக் குலைத்தபோதுதான் மாற்றுப்பொருளுக்கான தேவை கூர்மையாக உணரப்பட்டது. ஹிலேர் டி சார்டோனே என்ற பிரெஞ்சுப் பிரபு, செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்தோடு வினைபுரியச் செய்தால் அது ஆல்கஹாலும் ஈதரும் கலந்த திரவத்தில் கரையும் என்பதைப் பயன்படுத்தி இழை நூற்றார். 1889ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் அது பெரும் வியப்பை ஏற்படுத்தியது. ஆனால் நைட்ரேட்டாக மாறிய செல்லுலோஸ் வெடிமருந்துக்கு நெருங்கிய உறவு. இழையிலிருந்து அந்த நைட்ரேட்டை நீக்க ஒரு வேதிமுறை கண்டறியப்பட்ட பின்பும் தீப்பற்றும் அச்சம் அத்தொழிலை விட்டு எளிதில் அகலவில்லை.

நிலைத்த விடை இங்கிலாந்திலிருந்து வந்தது. சார்ல்ஸ் கிராஸ், எட்வர்டு பெவன், கிளேட்டன் பீடில் ஆகிய மூவரும் 1892இல் காப்புரிமை பெற்ற விஸ்கோஸ் முறையே இன்றும் பெரும்பாலான ரயான் ஆலைகளில் நடைமுறையில் உள்ளது. மரக்கூழ் அட்டைகள் முதலில் காஸ்டிக் சோடாவில் ஊறவைக்கப்பட்டு, பிழியப்பட்டு, உதிரியாக நொறுக்கப்பட்டுச் சில மணிநேரம் பதமாக விடப்படுகின்றன. பின்னர் மூடிய கலத்தில் கார்பன் டைசல்ஃபைடு என்ற திரவத்தின் ஆவியோடு அவை வினைபுரியும்போது வெண்ணிற உதிரிகள் ஆரஞ்சு நிறமடைகின்றன. அவற்றை நீர்த்த காஸ்டிக் சோடாவில் கரைத்தால் தேன்போல் வழியும் திரவம் கிடைக்கிறது. அதை வடிகட்டி, காற்றுக்குமிழ் நீக்கி, நுண்துளைகள் கொண்ட சிறு தட்டின் வழியாகக் கந்தக அமிலத் தொட்டிக்குள் செலுத்தும்போது, ஒவ்வொரு துளையிலிருந்தும் வெளிவரும் தாரை அமிலம் பட்ட கணத்தில் மீண்டும் செல்லுலோஸாக இறுகி இழையாகிறது. கரைப்பதற்காக வந்து ஒட்டிக்கொண்ட கார்பன் டைசல்ஃபைடு அப்போது பிரிந்து வெளியேறுகிறது. கழுவி உலர்த்தப்பட்ட இழையில் அதற்கு இடமில்லை என்பதால் துணியை உடுத்துபவருக்கு அதனால் கேடில்லை. வெளியேறியது எங்கே போகிறது என்பதுதான் சிக்கல்.

கார்பன் டைசல்ஃபைடு 46 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கக்கூடிய, மிக எளிதில் ஆவியாகும் பொருள். அதைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு நரம்புத்தளர்ச்சி, மனக்கலக்கம், நாளடைவில் இதயநோய் ஆகியவை ஏற்படுகின்றன. பாரிஸின் ரப்பர்த் தொழிலாளர்களிடம் இத்தீங்கை மருத்துவர்கள் 1850களிலேயே கண்டிருந்தனர்; அதாவது விஸ்கோஸ் பிறப்பதற்கு முன்பே அதன் கரைப்பான் எத்தகையது என்பது தெரிந்திருந்தது. அப்படியிருந்தும், இங்கிலாந்தில் துக்கம் காப்போருக்கான கருப்புக் கிரேப் துணி நெய்து பொருளீட்டிவந்த கோர்ட்டால்ட்ஸ் நிறுவனம் 1904இல் உரிமையை வாங்கியதிலிருந்து தொழில் உலகெங்கும் பரவியதே ஒழிய, தொழிற்கூடத்துக் காற்றைப் பற்றிய அக்கறை அதே வேகத்தில் பரவவில்லை. 1930களின் இறுதியில் அமெரிக்க மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் பென்சில்வேனியாவின் ரயான் தொழிலாளர்களை ஆராய்ந்து எச்சரித்தார். தென்கொரியாவில் ஜப்பானின் பழைய இயந்திரங்களைக் கொண்டு நடந்த வோன்ஜின் ரயான் ஆலையோ நூற்றுக்கணக்கானவர்களை நோயாளிகளாக்கிவிட்டு 1993இல்தான் மூடப்பட்டது. அங்கிருந்த இயந்திரங்கள் பின்னர் சீனாவுக்கு விற்கப்பட்டன.

காற்றோடு நீருக்கும் இதில் பங்குண்டு. அமிலமும் காரமும் கந்தகச் சேர்மங்களும் கலந்த கழிவுநீர் மிகுதியாக வெளிவருவதாலும், தூய நீர் பெருமளவில் தேவைப்படுவதாலும், விஸ்கோஸ் ஆலைகள் ஆற்றங்கரைகளையே நாடின. மேட்டுப்பாளையத்தை அடுத்த சிறுமுகையில் பவானிக் கரையில் இயங்கிய சவுத் இந்தியா விஸ்கோஸ் ஆலை அவ்வட்டாரத்தில் பலருக்கு வேலை கொடுத்தது. அதே ஆலை ஆற்று நீரைக் கெடுக்கிறது என்ற எதிர்ப்பையும் ஆண்டுக்கணக்கில் சந்தித்துப் பின்னர் மூடப்பட்டது. வேலையா, ஆறா என்று அப்பகுதி மக்களைத் தேர்ந்தெடுக்க வைத்தது நியாயமான ஏற்பாடாகத் தெரியவில்லை.

இத்தனைக்கும் துணியின் குணத்தில் பெரிய குறை காண்பது கடினம். ரயான் வியர்வையை நன்றாக உறிஞ்சும், சாயத்தை ஆழமாக ஏற்கும், உடலில் குளிர்ச்சியாகப் படியும். ஈரோட்டுப் பகுதி விசைத்தறிகளில் நெய்யப்படும் ரயான் துணி நைட்டிக்கும் சுடிதாருக்கும் விரும்பி வாங்கப்படுவது இதனால்தான். ஆனால் ஈரமானால் பருத்தியின் வலு கூடும், ரயானின் வலு ஏறத்தாழப் பாதியாகக் குறையும். ஆகையால் நனைந்த ரயான் துணியைக் கல்லில் அடித்துத் துவைப்பதும் முறுக்கிப் பிழிவதும் அதன் ஆயுளைக் குறைக்கும்.

'மூங்கில் துணி' என்று உயர்ந்த விலையில் விற்கப்படுவதில் பெரும்பகுதியும் விஸ்கோஸ்தான். மூங்கில்கூழ் காஸ்டிக் சோடாவையும் கார்பன் டைசல்ஃபைடையும் கடந்து இழையான பின் அதில் எஞ்சுவது வெறும் செல்லுலோஸ். கிருமி எதிர்ப்பு போன்ற மூங்கிலின் தனிக்குணங்களை அதற்கு ஏற்றிச் சொல்ல முடியாது என்பதால், அத்தகைய விளம்பரங்கள்மீது அமெரிக்க வணிக ஆணையம் 2009இல் நடவடிக்கை எடுத்தது.

கரைப்பானையே மாற்றிய முறை லயோசெல். இதில் என்எம்எம்ஓ என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு கரிமச் சேர்மம் வேறு எந்த வினைக்கும் உட்படுத்தாமல் செல்லுலோஸை நேரடியாகக் கரைக்கிறது. இழையை நீரில் இறுகச் செய்த பின், அந்தக் கரைப்பானில் 99 விழுக்காட்டுக்கு மேல் மீட்டெடுத்து மறுபடியும் பயன்படுத்துகிறார்கள். கோர்ட்டால்ட்ஸே 1992இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் இதற்கான வணிக ஆலையைத் தொடங்கியது. அந்த இழையின் வணிகப்பெயரான டென்செல் இன்று ஆஸ்திரியாவின் லென்சிங் நிறுவனத்திடம் உள்ளது. லயோசெல் ஈரத்திலும் வலு பெரிதும் குறையாமல் நிற்கிறது. ஆனால் ஈரத்தில் உராய்ந்தால் மேற்பரப்பில் மெல்லிய பிசிறு எழும்பும் என்பதால் கூடுதல் பதனிடல் வேண்டியிருக்கிறது. கரைப்பானின் விலையும் அதிகம்; ஒரு துளிகூட வீணாகாமல் மீட்டால்தான் கணக்குக் கட்டும். விஸ்கோஸ் ஆலைகளிலும் வெளியேறும் கார்பன் டைசல்ஃபைடைப் பிடித்து மீண்டும் பயன்படுத்தும் கருவிகள் உண்டு. அவற்றைப் பொருத்திய ஆலையிலிருந்து வந்ததா, பொருத்தாத ஆலையிலிருந்து வந்ததா என்பதைத் துணியில் தைத்திருக்கும் சீட்டு சொல்வதில்லை. இரண்டிலும் '100 விழுக்காடு விஸ்கோஸ்' என்றே அச்சிடப்பட்டிருக்கிறது.