உஷார்! ‘தலைவர் கையெழுத்துப் படம்’ விலைக்கு வருகிறதா?

தோட்டத்து வீடுகளில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் நேதாஜியும் காந்தியும் எம்.ஜி.ஆரும் தொங்குவது பழைய வழக்கம். 1943-ல் ரப்பர் காட்டை விட்டு இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த பாட்டனோ பாட்டியோ விட்டுப்போன படம் என்றால் பத்திரமாக வையுங்கள், வம்பு வராது. ஆனால் ‘ஒரிஜினல் கையெழுத்து’ என்று விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரன் படம் புலனக் குழுவில் விலைக்கு வந்தால் தொடாதீர்கள்!

விடுதலைப் புலிகளை மலேசியா பயங்கரவாத இயக்கப் பட்டியலில் சேர்த்தது 2014-ல். அப்படிப்பட்ட இயக்கத்தோடு தொடர்புடைய பொருளை வைத்திருந்தாலே குற்றவியல் சட்டம் 130ஜேபி பிரிவின்கீழ் 7 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம். காட்டுவது, பரப்புவது, விற்பது எல்லாமே அதில் அடக்கம். படம் சேகரிப்பவர் வேறு என்னதான் செய்கிறார்?

‘வெறும் படம்தானே’ என்பவர்களுக்கு 2019 அக்டோபர் மறந்துவிட்டது. புலிகளோடு தொடர்பு என்று 12 பேரை சொஸ்மா பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்தார்கள். அப்போது நம் செரம்பான் ஜெயா சட்டமன்ற உறுப்பினராக இருந்த பி. குணசேகரனும் அதில் ஒருவர். சிலர் மீது சாட்டப்பட்ட குற்றமே கைப்பேசியிலும் முகநூலிலும் இருந்த படங்கள்தான். 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் வழக்குகளைக் கைவிட்டார். ஒருவரைப் போற்றிப் படம் வைத்திருப்பதால் யாரும் பயங்கரவாதி ஆகிவிடமாட்டார் என்றார். நியாயமான பேச்சு. அதற்குள் நான்கு மாதம் ஓடிவிட்டதே! வழக்குதான் போனது, சட்டப்பிரிவு அப்படியே இருக்கிறது. அடுத்தடுத்து வருபவர்களும் அவரைப் போலவே நினைப்பார்கள் என்று யார் எழுதிக் கொடுப்பது?

இத்தனைக்கும் அந்தக் கையெழுத்து அசல்தானா? போட்டவர் 2009 மே மாதமே மறைந்துவிட்டார், கேட்டுப் பார்க்க வழியில்லை. அச்சடித்த கையெழுத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் பொடிப் புள்ளிகளாகச் சிதறும். பேனா மை கோடாக ஓடும், ஒன்றை ஒன்று வெட்டும் இடத்தில் கறுத்திருக்கும். ஆனால் பேனாவாலேயே போலி போடுகிறவனிடம் இந்தச் சோதனை பலிக்காது. நேதாஜி கையெழுத்து என்று காசு கொடுப்பவர்களும் இதைக் கவனிக்கட்டும்.

பிள்ளைகளின் கைப்பேசியை முதலில் பாருங்கள். குழுவில் யாரோ போட்ட படம் கேட்காமலே உள்ளே இறங்கியிருக்கும். அந்தத் தானியங்கிப் பதிவிறக்கத்தை இன்றே அணையுங்கள். வீட்டிலேயே அப்படியொரு படம் இருந்தால் அதைப் படம் பிடித்து ‘என்ன விலை போகும்’ என்று யாருக்கும் அனுப்பித் தொலைக்காதீர்கள். நேரே ஒரு வழக்கறிஞரிடம் போய்க் கேளுங்கள்.